கவுண்ட் ஸ்டாரும் தலைக்கட்டும்

டிஸ்கி: இது பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவு மாதிரிதான் ஆரம்பிக்கும். டேபிள், ரோ, குவெரி என்றாலே அலர்ஜி ஆகிறவர்கள் நாலு பத்தி பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கொள்ளவும். நடுவில் ஏரி வரும், இறால் வரும், கொஞ்சம் கோபமும் வரும்.

"கவுண்ட்(*) வேகமா, கவுண்ட்(1) வேகமா?"

இந்தத் தொழிலுக்கு வந்த நாளில் இருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் கேட்டார்கள். முதல் கம்பெனியில் சீனியர் கேட்டார். போன மாசம் ஆபீஸ் வாசல் டீக்கடையில் கையில் பஜ்ஜியோடு ரெண்டு பேர் இதுக்காக கிட்டத்தட்ட சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். ஸ்டார் போட்டா எல்லா ஃபீல்டையும் படிக்கும், அதனால லேட் ஆகும் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் அந்தக் காலம் பாஸ் என்பது இன்னொரு கட்சி.

மேட்டரை முடிச்சு வச்சிடுறேன். ஆரக்கிளில் நீங்க கவுண்ட்(1)னு எழுதினாலும் அது உள்ளுக்குள்ள கவுண்ட்(*)ஆக மாத்திக்கும். மைஎஸ்க்யூஎல்லின் கையேட்டிலேயே, இன்னோடிபி ரெண்டையும் ஒரே மாதிரிதான் நடத்துது, வேக வித்தியாசம் கிடையாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. அந்த ஸ்டாருக்கும் செலக்ட் ஸ்டாரில் வர ஸ்டாருக்கும் சம்பந்தமே இல்லை. "ரோவை எண்ணு, உள்ள என்ன இருக்குன்னு பார்க்காதே" என்பதுதான் அதுக்கு அர்த்தம். அவ்வளவுதான். பஜ்ஜியைச் சாப்பிடுங்க.

என் கோபம் இந்தச் சண்டை மேல இல்லை. இத்தனை வருஷமா இவ்வளவு தொண்டைத்தண்ணியை இதுல வீணடிக்கிற நாம, அந்த வாயால் ஒருதரமாவது "ஒரு ரோன்னா என்ன? யாரை ஒரு ரோன்னு முடிவு பண்ணினது யாரு?" என்று கேட்டிருக்கிறோமா? எண்ணுற வேகத்தைப் பத்தி ஆராய்ச்சி. எதை எண்ணுறோம் என்பது பத்தி மௌனம். "டேட்டா பொய் சொல்லாது"ன்னு வேற வாட்ஸப் ஸ்டேட்டஸ். முடியல சாமி.

எங்க ஊர்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். எளாவூர். சென்னையில் இருந்து சூலூர்பேட்டை போற யூனிட் வண்டியில் கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன். அதுக்கடுத்து ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திரா. பழவேற்காடு ஏரியோட மேற்குக் கரைப் பக்கம். கூகுளில் எங்க ஊர்ப் பேரைப் போட்டா செக்போஸ்ட் வரும், செக்போஸ்ட்ல கஞ்சா பிடிபட்ட செய்தி வரும். ஏரி வராது. சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பக்கத்துல இருக்கு, ஆனா தேடுபொறிக்கு நாங்க ஒரு கேட்டுதான் :-)

சரி, அந்த செக்போஸ்ட்டையே எடுத்துக்குவோம். ஒரு நாளைக்கு எத்தனை லாரி போகுதுன்னு கேட்டா ஒரு நம்பர் கிடைக்கும். ஆனா தடாவுக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் நடுவுல ஒரே லாரி ஒரு நாளைக்கு நாலு தடவை போய்வந்தா அது ஒரு லாரியா, எட்டு லாரியா? ரோடு தேயுற கணக்குக்கு எட்டு. லாரி முதலாளிக்கு ஒண்ணு. ரெண்டும் சரி. கவுண்ட்(*)க்கும் கவுண்ட் டிஸ்டிங்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்னு எந்த ஃபிரெஷருக்கும் தெரியும். ஆனா பேப்பர்ல "எளாவூர் வழியாக தினமும் இத்தனை வாகனங்கள்" என்று வரும்போது எந்த எண்ணுன்னு யாரும் கேட்கிறதில்லை.

இதுல இன்னொரு கூத்து, எங்க ஊர்ப் பேரு. எளாவூர்னு ஒருத்தர் எழுதுவார், ஏளாவூர்னு ஒருத்தர், எலாவூர்னு ஒருத்தர். டைப் பண்ணினவர் மூணு பேரா இருந்தா, ஊர்ப் பேரை வச்சு குரூப் பை போட்டா மூணு ஊர் வரும். மூணுக்கும் தனித்தனியா மக்கள் தொகை வரும். சிரிக்காதீங்க. தமிழ்நாட்டுக் கடலோரத்துல எத்தனை மீனவ ஊர் இருக்கு? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-ல் எடுத்த கணக்கெடுப்புல 573. மாநில மீன்வளத் துறையோட கொள்கை விளக்கக் குறிப்புகள்ல 608. மக்கள் தொகை? முதல் கணக்குல 8 லட்சத்துச் சொச்சம். ரெண்டாவதுல 10.48 லட்சம். நடுவுல கடல்ல இருந்து 35 ஊர் முளைச்சு வந்துதா? வருஷம் வேற, எண்ணினவங்க வேற, எல்லாத்துக்கும் மேல "ஊர்" என்பதற்கான இலக்கணம் வேற. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பம், அந்தப் பக்கம் ஒரு குப்பம், ஒரே ஊர்ப் பஞ்சாயத்து என்றால் அது ஒண்ணா, ரெண்டா? ரெண்டு நம்பரையும் தப்புன்னு நான் சொல்லலை. ரெண்டையும் எடுத்துக் கட்டுரைல போட்டு, "மீனவர் எண்ணிக்கை ரெண்டரை லட்சம் உயர்வு" என்று கிராஃப் வரையற மகானுபாவர்களைத்தான் சொல்றேன்.

அடுத்து, நம்ம ஆளுங்க அடிக்கடி செய்யற ஒரு வேலை. குடும்பம் ஒரு டேபிள், படகு ஒரு டேபிள். குடும்பத்துக்கு எத்தனை படகுன்னு கேட்கிறாங்க. லெஃப்ட் ஜாயின் போட்டு, குடும்ப வாரியா குரூப் பண்ணி, கவுண்ட்(*) போடுவார் நம்ம ஹீரோ. படகே இல்லாத குடும்பத்துக்கும் ஜாயின்ல ஒரு ரோ வரும், படகு பக்கம் காலியா. கவுண்ட்(*)க்கு உள்ளே என்ன இருக்குன்னு தெரியாதே. 1-ன்னு சொல்லும். ஆக, ஏரியில கழுத்தளவு தண்ணியில நின்னு கையால் இறால் தடவுற குடும்பத்துக்கு ஒரே குவெரியில ஒரு படகு கிடைச்சுடுச்சு! அரசாங்கம் கூட இவ்வளவு சீக்கிரம் தராது. கவுண்ட்(படகு எண்)னு போட்டிருந்தா 0 வந்திருக்கும். ரெண்டு எழுத்து வித்தியாசம். ஒரு படகு வித்தியாசம்.

கையால் இறால் தடவுறதுன்னு சும்மா உதாரணத்துக்குச் சொல்லலை. எண்ணூர்ல இருந்து பழவேற்காடு வரைக்கும் உப்பங்கழியில இருளர்கள், அதுவும் முக்கியமா பெண்கள், அப்படித்தான் இறால் பிடிக்கிறாங்க. வலை கிடையாது, படகு கிடையாது. சேத்துல உட்கார்ந்த மாதிரி நகர்ந்துக்கிட்டே விரலால் துழாவி, பிடிச்சதை வாயில் கவ்வின ஓலைப் பையிலயோ கழுத்துல தொங்குற பையிலயோ போட்டுக்குவாங்க. இப்ப ஒரு விண்ணப்பம் அடிங்க பார்ப்போம். "படகின் வகை: இயந்திரப் படகு / நாட்டுப் படகு / கட்டுமரம். வலையின் வகை:" ... அவங்க எதை டிக் பண்ணுவாங்க? அந்த ஃபாரத்துல அவங்களுக்குக் கட்டமே இல்லை. ரெண்டையும் காலியா விட்டா சாஃப்ட்வேர் "இந்த ஃபீல்டு கட்டாயம்"னு சிவப்புல கத்தும். ரெக்கார்ட் சேவ் ஆகாது. சேவ் ஆகாத ரெக்கார்டை எந்த கவுண்ட்டும் எண்ணாது, ஸ்டார் போட்டாலும், ஒண்ணு போட்டாலும். அந்தச் சிவப்பு ஸ்டாரை ஃபாரத்துல வைக்கிறது நாமதான் மக்களே. டிசைன் மீட்டிங்ல, ஏசி ரூம்ல, அஞ்சு நிமிஷத்துல.

"சரிடா, பழைய முறையெல்லாம் ரொம்ப ஒழுங்கோ?"ன்னு யாராச்சும் கேட்பீங்க. கேட்கணும்.

பழவேற்காடு ஏரியில பாடுன்னு ஒரு முறை இருக்கு. ஏரியில எந்த இடத்துல, எந்த நாள், யார் வலை கட்டலாம்னு முறை வச்சு, சீட்டுப் போட்டுப் பிரிச்சுக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பத்தி ஆங்கிலத்துல நிறைய எழுதியிருக்காங்க, பொதுச்சொத்தை எப்படி அழியாம பார்த்துக்கிறதுன்னு பாராட்டியும், விமர்சிச்சும். இந்த மாதிரி ஊர்க் கணக்குக்கு எல்லாம் அடிப்படை அலகு தலைக்கட்டு. ஊருக்கு ஊர் விதி மாறும். பெரும்பாலும் கல்யாணமான ஆம்பளை ஒரு தலைக்கட்டு. வரியும் தலைக்கட்டுக்கு இவ்வளவு, பங்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு. சொந்தப் படகு வச்சிருக்கிறவனும் ஒண்ணுதான், கூலிக்குப் போறவனும் ஒண்ணுதான். அந்த வகையில நியாயம்.

ஆனா அந்த டேபிள்ல யாருக்கு ரோ இல்லைன்னு பாருங்க. கல்யாணமாகாத பொண்ணுக்கு இல்லை. புருஷன் போயிட்ட பொம்பளைக்கு சில ஊர்ல அரைப் பங்கு, சில ஊர்ல ஒண்ணுமில்லை. பாடு முறையில குறிப்பிட்ட சாதிக்காரங்களுக்குத்தான் உரிமை, மத்தவங்களுக்கு இல்லை. இருளருக்கு நிச்சயமா இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் வந்த நிவாரணத்தைக் கடலோரத்துல பல ஊர்ப் பஞ்சாயத்துகள் தலைக்கட்டுக் கணக்குலதான் பிரிச்சாங்க. தனியா வாழுற பெண்களும் இருளர்களும் தலித்துகளும் அதுல விடுபட்டதைப் பத்தி அந்தக் காலத்து அறிக்கைகளே பக்கம் பக்கமா பேசுது. எனக்கு அப்போ சின்ன வயசு. அரிசி மூட்டை வந்தது ஞாபகம் இருக்கு, அது எந்த லிஸ்ட்படி வந்ததுன்னு இன்ஜினியரிங் முடிச்சு வேலைக்கு வந்தப்புறம்தான் யோசிச்சேன்.

எங்க தெருவுல ஒரு அத்தை இருக்காங்க. சொந்த அத்தை இல்லை, ஊர் முறைக்கு அத்தை. வீட்டுக்காரர் இல்லை. விடியக்காலைல கூடையை எடுத்துக்கிட்டு சுண்ணாம்புகுளம் பக்கம் போய் மீன் எடுத்து, கும்மிடிப்பூண்டியில வித்துட்டு மத்தியானம் திரும்புவாங்க. அவங்க வாங்கற மீன் எந்தப் படகுல வந்ததோ அந்தப் படகுக்காரர் மீனவர். அத்தை? ஒரு ஃபாரத்துல "மீன் சார்ந்த தொழில்". ஒண்ணுல "சிறு வியாபாரி". இன்னொண்ணுல "இல்லத்தரசி", ஏன்னா கணக்கெடுக்க வந்தவர் கேட்டப்ப அத்தை வீட்டுல இல்லை, பக்கத்து வீட்டுல சொன்னதை எழுதிட்டுப் போயிட்டார். "ஏம்ப்பா, நீ கம்ப்யூட்டர்தானே படிச்ச, நான் அதுல எதுல கீறேன்னு பார்த்துச் சொல்லேன்"னு ஒருதரம் கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல? எதுல இருக்கீங்கன்னு தேட முதல்ல எந்த டேபிள்னு தெரியணும் அத்தைன்னேன். "இன்னாவோ போ"ன்னுட்டு கூடையைக் கழுவப் போயிட்டாங்க.

இருந்தாலும் தலைக்கட்டு மேல எனக்கு ஒரு மரியாதை உண்டு. அநியாயத்தைக் கூட அது வெளிப்படையாப் பண்ணுது. "கல்யாணமான ஆம்பளையை மட்டும்தான் எண்ணுவோம்"னு ஊர்ல குழந்தைக்குக் கூடத் தெரியும். அதாவது வேர் கண்டிஷன் என்னன்னு எல்லாருக்கும் மனப்பாடம். அதை எதிர்த்து ஊர்க்கூட்டத்துல எழுந்து நின்னு சண்டை போடலாம். ஜெயிக்கிறது அப்புறம், முதல்ல எதை எதிர்க்கணும்னு தெரியும். நம்ம டாஷ்போர்டு அப்படியா? பெரிய எழுத்துல, பச்சைக் கலர்ல "98%"னு போடும். எதுல 98? கேட்டா யாருக்கும் தெரியாது.

முந்தைய வேலையில, கம்பெனி பேரும் கிளையன்ட் பேரும் வேண்டாம், இப்படி ஒரு நலத்திட்ட டாஷ்போர்டு செஞ்சோம். வந்த விண்ணப்பங்கள்ல எத்தனைக்குத் தீர்வு கிடைச்சதுன்னு ஒரு பெட்டி. ஆவணம் சரியில்லைன்னு திருப்பி அனுப்பின விண்ணப்பங்களை அந்த டேபிள்ல இருந்தே எடுத்துடறது வழக்கம். ஆக, கீழே வகுக்கிற எண்ணு சின்னதாகிடும், சதவீதம் தானா ஏறும். "திருப்பி அனுப்பியவை சேர்க்கப்படவில்லை"ன்னு பெட்டிக்குக் கீழே சின்ன எழுத்துல ஒரு வரி போடலாம்னு நான் சொன்னேன். மெயில்லயும் எழுதினேன். "நோ ப்ராப்ளம், குட் பாயின்ட்"னு பதில் வந்தது. அடுத்த ரிலீஸ்ல அந்த வரி இல்லை. கேட்டா, "கிளையன்ட் குழம்பிடுவாங்கப்பா, ஒரே ஒரு நம்பர் போதும்." ஒரே ஒரு நம்பர் போதும்! ஊர்க்கூட்டத்துல இப்படிச் சொல்லிட்டு உட்கார முடியுமா?

இதுவரைக்கும் ரோ இல்லாதவங்களைப் பத்திப் பேசினேன். ரோ இருந்தும் எண்ணப்படாதவங்க இன்னொரு ரகம். அதுக்கு நம்ம ஏரியை விட்டு மாநிலத்தோட அந்தக் கோடிக்கு, கன்னியாகுமரிக்குப் போகணும்.

டேட்டாபேஸ்ல நல்னு ஒண்ணு இருக்கு. பேர்லதான் "நல்", நல்லது ஒண்ணும் கிடையாது. தெரியாது என்று அர்த்தம். பூஜ்யம் இல்லை, காலி எழுத்து இல்லை, தெரியாது. ஒரு ஃபீல்டை வச்சு எண்ணும்போது நல் இருக்கிற ரோவை கவுண்ட் தாண்டிப் போயிடும். அதைவிட மோசம், "நிலை = உயிரோடு"ன்னு கேட்டாலும் அந்த ரோ வராது, "நிலை உயிரோடு இல்லை"ன்னு கேட்டாலும் வராது. ரெண்டையும் கூட்டினா மொத்தம் வராது. புதுசா வந்த பசங்க இதுல மாட்டி முழிக்கிறதைப் பார்த்து நாம சிரிப்போம்.

2017 நவம்பர் 30 ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, நீரோடி வட்டாரத்து ஆழ்கடல் படகுகள் பல, புயல் எச்சரிக்கை வர்றதுக்கு எத்தனையோ நாள் முன்னாடியே கிளம்பிப் போயிருந்தது. எத்தனை பேர் காணோம்? அரசாங்கம் ஒரு எண் சொன்னது. பங்குத்தந்தைகள் ஊர் ஊரா லிஸ்ட் எடுத்து வேற எண் சொன்னாங்க. மீனவர் அமைப்புகள் இன்னொண்ணு. வாரக்கணக்கா இது நடந்தது. டிவியில உட்கார்ந்து "ஒரு எண்ணிக்கை கூட ஒழுங்காச் சொல்ல முடியாதா?"ன்னு கத்தினாங்க. எப்படிச் சொல்ல முடியும்? கரையில் இருந்து கிளம்பும்போது யார் யார் எந்தப் படகுல ஏறினாங்கன்னு ஒழுங்கான பதிவு இல்லை. திரும்பி வந்தவங்களைக் கழிக்கணும்னா மொத்தம் தெரியணும். மொத்தமே தெரியாது.

திரும்பாதவங்க நிலை நல். உயிரோட இருக்கிறவங்க லிஸ்ட்லயும் இல்லை, செத்தவங்க லிஸ்ட்லயும் இல்லை. காணாமப் போன ஒருத்தரை இறந்துட்டதா சட்டம் எடுத்துக்க 7 வருஷம் ஆகணும். அதுவரைக்கும் இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லைன்னா நிவாரணம், இன்ஷூரன்ஸ், விதவைப் பென்ஷன் எதுவும் இல்லை. சுனாமி சமயத்துலயும் ஒக்கி சமயத்துலயும் இந்த விதியைத் தளர்த்தித்தான் குடும்பங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. ஒக்கியில மாநில அரசு 20 லட்சம் அறிவிச்சது. ஒரு நல்லை மாத்தி எழுத மனுஷன் ரோட்டுல இறங்கிப் போராட வேண்டியிருந்தது. குழித்துறையில தண்டவாளத்துல உட்கார்ந்தாங்க. நாம அதை அப்டேட் ஸ்டேட்மென்ட்னு சொல்லுவோம்.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கலா ஒண்ணு சொல்றேன், எனக்குப் பிடிச்ச விஷயம். பெரிய டேபிள்ல கவுண்ட்(*) ஏன் மெதுவா இருக்கு? மைஎஸ்க்யூஎல்லோட பழைய மைஐசாம்ல கேட்ட உடனே பதில் வரும், ஏன்னா மொத்தத்தை ஓரமா எழுதி வச்சிருக்கும். இன்னோடிபிக்கும் போஸ்ட்கிரஸுக்கும் அப்படி வச்சுக்க முடியாது. ஒரே நேரத்துல நூறு பேர் எழுதுவாங்க, அழிப்பாங்க. நான் சேர்த்து இன்னும் கமிட் பண்ணாத ரோ எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதனால "மொத்தம் எத்தனை?"ங்கிற கேள்விக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு பதிலே அங்கே இல்லை. யார் கேட்கிறது, எந்த நேரத்துல கேட்கிறதுன்னு பார்த்து, ஒவ்வொரு ரோவா "இது இவருக்குத் தெரியுமா?"ன்னு சோதிச்சு எண்ணித்தான் ஆகணும். தோராயமாப் போதும்னா புள்ளிவிவர டேபிள்ல இருந்து எடுத்துக் கொடுக்கும். மைஎஸ்க்யூஎல் கையேடு, அது 40-50 சதவீதம் வரைக்கும் தப்பா இருக்கலாம்னு வெட்கப்படாம எழுதியிருக்கு.

ஒரு மென்பொருளுக்கு இருக்கிற நேர்மை. "யாருக்கு? எப்போ? துல்லியமாவா, தோராயமாவா?" அதோட மேல உட்கார்ந்து டாஷ்போர்டு போடுற நமக்கு அது இல்லை.

மென்பொருளை விடுங்க, கொக்கு எண்ணுறவங்களைப் பாருங்க. ஒவ்வொரு ஜனவரியும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புன்னு ஒண்ணு நடக்கும், 1987-ல் தொடங்கினது. நம்ம ஏரிக்கும் வருவாங்க, பூநாரை எண்ண. ஆயிரக்கணக்குல நிக்கிற பறவையை ஒண்ணு ரெண்டுன்னு எண்ண முடியுமா? ஒரு பத்தையோ நூறையோ எண்ணி, அந்த அளவு பரப்பைக் கண்ணுல வச்சுக்கிட்டு, கூட்டம் முழுக்க அதே மாதிரி எத்தனை வரும்னு கணிப்பாங்க. ஆனா தாளைப் பாருங்க. யார் எண்ணினது, எந்தத் தேதி, ஏரியில எவ்வளவு பகுதியைப் பார்த்தோம், எண்ணினதா கணிச்சதா, எல்லாம் எழுதியிருக்கும். பூநாரைக்குத் தமிழ்நாடு - ஆந்திரா எல்லை தெரியாது, தமிழ்நாட்டுல எண்ணினது பறந்துபோய் அந்தப் பக்கம் இன்னொருதரம் எண்ணப்படலாம்ங்கிற பயமும் அவங்களுக்கு உண்டு. பூநாரைக்கு இருக்கிற அடிக்குறிப்பு எங்க அத்தைக்கு ஏன் இல்லை?

இதுக்கு வழக்கமா வர பதில் எனக்குத் தெரியும். "அப்போ எண்ணவே கூடாதா? எண்ணாம எப்படித் திட்டம் போடுறது?" எண்ணணும் சார். எண்ணப்படலைன்னா என்ன ஆகும்னு மேலே முழுக்க அதைத்தானே கத்திக்கிட்டு இருக்கேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளுக்குக் கொடுக்கிற உதவித்தொகையை 8,000 ரூபாயாக உயர்த்தப் போறதா 2023-ல் அறிவிச்சாங்க. அந்தப் பணம் யார் வீட்டுக்குப் போகும்ங்கிறது ஒரு லிஸ்ட். லிஸ்ட்ல இருக்கிறதும் இல்லாததும் 8,000 ரூபாய் விஷயம். எண்ணுங்க, ஆனா குவெரியையும் கூடவே ஒட்டுங்க. மீனவர்னா யாரு, எந்தத் தேதிக் கணக்கு, எந்த ஃபீல்டு காலியா இருந்தா தள்ளினீங்க, எத்தனை விண்ணப்பம் சேவ் ஆகாமலே போச்சு. நாலு வரி. "அதெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் புரியாது"ன்னு சொல்றவர் ஒருநாள் ஏரிக்கரைக்கு வரட்டும். தலைக்கட்டுக் கணக்குல அரைப் பங்கு யாருக்கு, ஏன்னு பத்தாங்கிளாஸ் ஃபெயிலான பையன் அரை மணி நேரம் வகுப்பு எடுப்பான்.

நம்ம பதிவுலகமும் லேசுப்பட்டதில்லை. ரமணா (2002) கேப்டன் மாதிரி மூச்சு விடாம புள்ளிவிவரம் சொன்னாத்தான் விவாதம்னு நினைக்கிறோம். லட்சத்துல ஒண்ணு, சதவீதத்துல ஒண்ணுன்னு எடுத்து வீச வேண்டியது. எதிராளி வேற சதவீதத்தைத் தேடி எடுத்துக்கிட்டு வருவார். எடுத்தது எந்த வருஷம், எதை எண்ணினதுன்னு கேட்டா, "உள்குத்தோட கேட்கறீங்க"ன்னு கோபம் வரும்.

கடல் மீனவர் கணக்கெடுப்பு 2025 நவம்பர் 3-ல் இருந்து டிசம்பர் 18 வரைக்கும் நடந்தது. முந்தைய கணக்கெடுப்புகள் மாதிரி காகிதத்துல இல்லை, இந்தத் தடவை செயலி. அடுத்தது மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, 2011-க்கு அப்புறம். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளா வச்சு எடுக்கப்போறதா 2025 ஜூன்ல அரசிதழ்ல வந்தது. அதுவும் செயலிதான். அதாவது இந்த ரெண்டு கணக்கெடுப்பிலயும் எந்தக் கட்டம் கட்டாயம், பட்டியல்ல எந்தத் தொழில் இருக்கு, "மற்றவை"ன்னு ஒண்ணு இருக்கா, வீட்டுல ஆள் இல்லைன்னா என்ன எழுதணும், இதையெல்லாம் நம்மள மாதிரி ஒருத்தன் ஒரு ஸ்கிரீன்ல முடிவு பண்ணியிருக்கான், அல்லது பண்ணிக்கிட்டு இருக்கான். அவனைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இந்தப் பதிவைப் படிச்சா, படகு வகைக்குப் பக்கத்துல "படகு இல்லை"ன்னு ஒரு ஆப்ஷன் சேர்க்கச் சொல்லுங்க. வலைக்குப் பக்கத்துல "கை"ன்னு ஒண்ணு.

பி.கு. 1: அத்தையை எந்த டேபிள்ல கண்டுபிடிச்சேன்னு கேட்கப்போறவங்களுக்கு: ரேஷன் கார்டு டேபிள்ல இருக்காங்க. கை ரேகைதான் அடிக்கடி விழமாட்டேங்குது. ஐஸ்லயும் செதில்லயும் தேஞ்ச விரல்.

பி.கு. 2: கவுண்ட்(1)தான் வேகம்னு இன்னும் நம்புறவங்க, எக்ஸ்ப்ளெயின் போட்டு ரெண்டு பிளானையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு சண்டைக்கு வரவும். பஜ்ஜி என் செலவு.